எல்லையோரத்து ஊரும் கொடையாளியின் பணமும்: கிறெற்னா உதைபந்தாட்டக் கழகத்தின் கதை

இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையிலான எல்லை, மேற்குக் கரையை அண்டிய பகுதியில் சார்க் என்னும் சிற்றாற்றின் வழியே செல்கிறது. நெடுஞ்சாலையில் வாகனத்திற் செல்வோர் பலர் தாம் அதைக் கடந்ததை வீதியோர அறிவிப்புப் பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்கின்றனர். காவலரண் இல்லை. கடவுச்சீட்டை நீட்டச் சொல்வார் எவருமில்லை. எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு ஒருகணம் படபடக்கும் எம்மவர்க்கு இப்படியும் ஓர் எல்லை உண்டென்பது விந்தையாகவே தோன்றும். ஆயினும் கோடு எவ்வளவு மெல்லியதாயினும் கோடு கோடுதான். அதன் தென்புறத்தில் ஒரு சட்டம், வடபுறத்தில் வேறொரு சட்டம். தென்புறத்தில் ஓர் உதைபந்தாட்டச் சங்கம், வடபுறத்தில் மற்றொன்று.

அந்த ஆற்றின் வடகரையில், ஸ்கொட்லாந்தின் முதலாவது ஊராக நிற்பது கிறெற்னா. மக்கள் தொகை மூவாயிரம் அளவிலானது. இவ்வூரின் உதைபந்தாட்டக் கழகம் 2002 ஆம் ஆண்டில் ஸ்கொட்டிஷ் லீக்கின் கடைசிப் பிரிவில் இடம்பெற்றது. 2006 ஆம் ஆண்டில் ஸ்கொட்டிஷ் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் ஆடியது. 2007 இல் அந்நாட்டின் அதியுயர் பிரிவுக்கு ஏறியது. 2008 ஓகஸ்ட் மாதத்தில் அக்கழகம் இல்லாதொழிந்தது.

ஆங்கிலப் பத்திரிகைகள் இதனை முதலில் தேவதைக் கதையென்றும் பின்னர் எச்சரிக்கைக் கதையென்றும் எழுதின. இரண்டு விதமாக எழுதியபோதும் அக்கதையில் ஒரு செல்வந்தர் இருந்தாரேயன்றி ஊர் இருக்கவில்லை. செல்வந்தர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக அக்கழகம் அங்கிருந்தது என்பது பலருக்கு நினைவில் எழவில்லை. ஆதலின் ஊரிலிருந்தே தொடங்குவோம்.

கிறெற்னா என்றதும் பிரித்தானியாவில் எவரும் முதலில் நினைப்பது திருமணத்தை. 1754 இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், இருபத்தொரு வயது நிறையாதோர் பெற்றோரின் சம்மதமின்றி மணம் புரிவதைத் தடுத்தது. ஸ்கொட்லாந்தின் சட்டமோ அவ்வாறில்லை. அங்கு சாட்சிகள் இருவர் முன்னிலையில் இருவரும் தம் விருப்பத்தைக் கூறினாலே போதுமானதாயிருந்தது. எனவே இங்கிலாந்தின் இளங்காதலர் குதிரைவண்டியேறி வடக்கு நோக்கி ஓடினர். எல்லை கடந்ததும் எதிர்ப்பட்ட கிறெற்னா கிறீன் என்ற கிராமத்தில், கொல்லனின் பட்டறையில், இரும்படிக்கும் பட்டடை சாட்சியாக மணமுடித்தனர். துரத்தி வந்த தகப்பன்மார் வந்துசேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். கொல்லர் நடத்தி வைக்கும் இத்தகைய மணங்கள் 1940 இல் சட்டத்தாற் செல்லாதவையாக்கப்பட்டன. ஆனாலும் அவ்வூரின் கலியாண வியாபாரம் இன்றும் படுத்துவிடவில்லை. ஒரு நாட்டின் சட்டம் நெருக்க, வேறொரு நாட்டின் சட்டத்தை நம்பி எல்லை கடந்தோர் என்ற வகையில் இக்காதலரும் ஒருவகைப் புகலிடக் கோரிக்கையாளரே. அவர்களுக்கான முடிவு அன்றைக்கே கிடைத்துவிட்டது என்பதே வேறுபாடு. கிறெற்னா கழகத்தினருக்குப் 'பட்டடைகள்' என்ற பட்டப்பெயர் வந்ததும் இவ்வழியிலேயே.

ஆனால் உதைபந்தாட்டக் கழகம் எழுந்த இன்றைய கிறெற்னா நகரியம் கலியாணத்தாற் பிறந்ததன்று. அது போரினாற் பிறந்தது. 1915 இல் பிரித்தானியப் படைகளுக்குப் பீரங்கிக் குண்டுகள் போதாமற்போன நெருக்கடியில், கோர்டைற் என்னும் வெடிமருந்தைச் செய்வதற்கு அரசாங்கம் இவ்விடத்தைத் தெரிந்தெடுத்தது. தொழிற்சாலை ஏறத்தாழ 9 மைல் நீளத்துக்கு, இரு நாடுகளிலும் கால்பரப்பி எழுந்தது. அதைக் கட்டுவதற்கு ஆயிரக்கணக்கான கூலியாட்கள் வந்தனர். அவர்களிற் பெரும்பகுதியினர் ஐரிஷ்காரர். 1917 இல் அங்கு 11,000 க்கு மேற்பட்ட பெண்களும் 5,000 அளவிலான ஆண்களும் வேலை செய்தனர். பருத்தியையும் அமிலங்களையும் கலந்து பெண்கள் வெறுங்கையாற் பிசைந்த பசையைக் கண்ட எழுத்தாளர் ஆதர் கொனன் டொயில் அதற்குப் 'பிசாசின் கஞ்சி' என்று பெயரிட்டார். அந்தத் தொழிலாளர் குடியிருக்கவே கிறெற்னாவும் அயலிலுள்ள ஈஸ்ட்றிக்ஸும் திட்டமிட்டுக் கட்டப்பட்டன. வீடு, தேவாலயம், மண்டபம், கடை யாவும் அரசாங்கம் கட்டியவை. மதுச்சாலைகளைக்கூட 1916 இல் அரசே பொறுப்பேற்றது. வெடிமருந்து பிசைவோர் குடித்துவிட்டு வேலைக்கு வருவது நல்லதல்ல என்பதே காரணம். கார்லைலையும் இப்பகுதியையும் சேர்ந்த மதுச்சாலைகள் 1970 களின் தொடக்கம்வரை அரசுடைமையாகவே இருந்தன.

இந்த ஊரின் பெயரோடு மற்றொரு துயரமும் ஒட்டியிருக்கிறது. 1915 மே 22 ஆம் நாள் அருகிலுள்ள குவின்ரின்ஷில் என்ற இடத்தில், போர்முனைக்குச் சென்றுகொண்டிருந்த லீத் நகர இளைஞரை ஏற்றிய புகையிரதம் மோதித் தீப்பற்றியது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிரித்தானியப் புகையிரத விபத்துக்களில் அதுவே மிகக் கொடியது.

தொழிற்சாலைப் பெண்கள் ஓய்வு நேரத்தில் உதைபந்தாடினர். மொஸ்பாண்ட் சுவிஃப்ற்ஸ் என்பது அவர்களது அணி. போர் முடிந்தது, தொழிற்சாலை மூடப்பட்டது. 1921 இல் இங்கிலாந்துச் சங்கம் தன் மைதானங்களிற் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. அந்த அத்தியாயம் அத்துடன் அடைபட்டது. வந்தவர் பலர் திரும்பிச் சென்றனர், சிலர் தங்கினர். எங்கெங்கிருந்தோ வந்து தங்கியவர்களும் அவர்களது பிள்ளைகளுமே கிறெற்னா ஊரவர் ஆயினர். இரண்டாவது போர் முடிந்த மறுவருடம், 1946 இல், கிறெற்னா உதைபந்தாட்டக் கழகம் தொடங்கப்பட்டது. ரேடேல் பார்க் என்பது அவர்களது மைதானம்.

இங்கேதான் எல்லை குறுக்கிடுகிறது. ஸ்கொட்லாந்தின் பெருநகரங்கள் தொலைவில் இருந்தன. கிளாஸ்கோவுக்கு 80 மைலுக்கு மேல். இங்கிலாந்தின் கார்லைல் நகரமோ 10 மைல். பேருந்துக்கும் பெற்றோலுக்கும் கொடுப்பதற்கு அக்கழகத்திடம் காசு இருக்கவில்லை. முதலாவது பருவத்தை ஸ்கொட்லாந்துப் பக்கத்தில் ஆடிவிட்டு, 1947 இல் கார்லைல் மாவட்ட லீக்கில் சேர்ந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஸ்கொட்லாந்து மண்ணில் நின்றுகொண்டே இங்கிலாந்துக் கழகமாக ஆடியது. 1982 இல் நோர்தேர்ண் லீக்கில் இடம்பிடித்தது. 1991, 1992 ஆகிய இரு ஆண்டுகளிலும் அந்த லீக்கின் வெற்றிக் கழகமாயிற்று. 1992 இல் நோர்தேர்ண் பிறிமியர் லீக்குக்கு ஏறியது.

கிழக்குக் கரையிலுள்ள பெரிக் ரேஞ்சர்ஸ் கழகம் இதன் கண்ணாடிப் பிம்பம். பெரிக் நகரம் இங்கிலாந்துக்குள் இருக்கிறது. கழகமோ 1951 இலிருந்து பல பத்தாண்டுகள் ஸ்கொட்டிஷ் லீக்கில் ஆடியது. மேற்கிலும் கிழக்கிலும் இவ்வாறு ஒன்று மாறி ஒன்று நின்றபோது, அவ்விரு ஊர்களிலும் எவரும் தம்மை நாடு மாறியவராகக் கருதவில்லை. ஆட்டம் எங்கு கிட்ட இருந்ததோ அங்கு ஆடினர். நாட்டுப்பற்றைப் பற்றி உரத்துப் பேசுவோர் பெரும்பாலும் எல்லையிலிருந்து தூரத்தில் வாழ்பவர்களே என்பது என் எண்ணம்.

இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்திலும் கிறெற்னா ஆடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கிளாஸ்கோக் கழகங்கள் அக்கிண்ணத்தில் ஆடியதுண்டு. 1887 இல் ஸ்கொட்லாந்துச் சங்கம் அதைத் தடுத்துவிட்டது. அதன்பின் முதற்றடவையாக, 1991 இல், ஸ்கொட்லாந்து மண்ணைச் சேர்ந்த ஒரு கழகம் அக்கிண்ணத்தின் பிரதான முதற்சுற்றில் ஆடியது. அது கிறெற்னா. தொழில்முறைக் கழகமாகிய ரொச்டேலுடன் கோலின்றிச் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 3-1 எனத் தோற்றது. 1993 இல் மீண்டும் அச்சுற்றுக்கு வந்து, போல்ற்றன் வொண்டரர்ஸ் கழகத்திடம் 3-2 என்ற கணக்கில் வீழ்ந்தது. பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு மாலையிற் பயிற்சிக்கு வருபவர்களுக்கு இது சிறு காரியமன்று. வேறெவருடைய பெரும் பணமும் இன்றி அவர்கள் அடைந்த உயரம் அது. பின்னர் நடந்தவற்றை அளப்பதற்கு இந்த அளவுகோலை மறக்கலாகாது.

2002 மே மாதத்தில் ஏர்ட்றியோனியன்ஸ் என்ற பழைய கழகம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. ஸ்கொட்டிஷ் லீக்கில் ஓர் இடம் காலியாயிற்று. கிறெற்னா முன்னரும் அந்த லீக்கின் கதவைத் தட்டிக் கைவிரிக்கப்பட்ட கழகம். இம்முறை உறுப்புக் கழகங்களின் வாக்கெடுப்பில் வென்றது. கலைந்த கழகத்தின் வாரிசாக ஏர்ட்றி மக்கள் அமைத்த புதிய கழகம் அதே வாக்கெடுப்பில் தோற்றது. ஒருவருடைய வங்குரோத்தினால் மற்றவருக்குக் கிடைத்த வாசல் அது. அந்த வாசலாற் புகுந்தவர்களுக்கும் ஆறு ஆண்டுகளில் அதே நோய் வரும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்?

புறூக்ஸ் மைல்சன் என்ற பெயர் இக்கட்டத்தில் வருகிறது. இங்கிலாந்தின் சண்டர்லன்ட் நகரிற் பிறந்தவர். சிறுவயதில் முதுகெலும்பு முறிந்து, இனி நடப்பது அரிது என்று சொல்லப்பட்டவர், பின்னர் நெடுந்தூர ஓட்டக்காரரானார். கட்டட நிர்மாணத்திலும் காப்புறுதித் தொழிலிலும் பெரும் பொருள் ஈட்டினார். கிறெற்னாவுக்கு அண்மையில், எல்லையின் தென்புறத்தில், கைவிடப்பட்ட விலங்குகளையும் வளர்த்துக்கொண்டு வாழ்ந்தார். நீண்ட தலைமயிரைப் பின்னாற் கட்டியிருப்பார். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணியார். ஓயாது சிகரெட் புகைப்பார். நோர்தேர்ண் லீக்குக்கு அவரது காப்புறுதிக் கம்பனி அனுசரணை வழங்கியது. வேறு பல சிறு கழகங்களின் ஆதரவாளர் அமைப்புகளுக்கும் கேட்ட இடத்தில் உதவினார். கிறெற்னா லீக்கில் நுழைந்த தொடக்க ஆண்டுகளிலேயே கழகம் அவருடைய கைக்கு வந்தது.

அவரைப் பற்றி இருவிதமாகப் பேசுகின்றனர். கொடை வள்ளல் என்பார் ஒரு சாரார். சிறுபிள்ளை விளையாட்டுப் பொம்மை வாங்குவதுபோல் ஒரு கழகத்தை வாங்கியவர் என்பார் மறு சாரார். இலாபத்துக்காக அவர் இதைச் செய்யவில்லை என்பது தெளிவு. மூவாயிரம் பேர் வாழும் ஊரின் கழகத்தில் இலாபம் என்ன வந்துவிடப் போகிறது? ஊர்ப் பிள்ளைகளுக்கான பயிற்சிக்கும் அவர் பணம் கொடுத்தார். ஆகவே அவரது நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு: அவர் கொடுத்த பணத்தாற் கழகம் தானாக நிற்கக் கற்றுக்கொண்டதா, அல்லது அவருடைய தோளில் ஏறி நின்றதா?

ஆட்டக்காரர் முழுநேரத் தொழிலாளராயினர். மேல் பிரிவுகளில் ஆடக்கூடியவர்கள் கடைசிப் பிரிவுக்கு அழைத்துவரப்பட்டனர். முகாமையாளர் ரோவன் அலெக்சாண்டர். 2004-05 பருவத்தில் மூன்றாம் பிரிவில் 36 ஆட்டங்களில் 32 இல் வென்று, 130 கோல்களைப் போட்டு, 98 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றனர். கென்னி டியூக்கர் என்பவர் அப்பருவத்தில் மாத்திரம் 38 லீக் கோல்களை அடித்தார். ஆறு ஆட்டங்களில் ஹட்ரிக். அவர் பட்டம்பெற்ற வைத்தியர் என்பதனால் தொலைக்காட்சி அறிவிப்பாளருக்கு அவர் பெயர் ஓயாத விருந்தாயிற்று. மறுவருடம் இரண்டாம் பிரிவிலும் முதலிடம்.

அதே பருவத்திலேயே கிண்ணத்தின் இறுதியாட்டமும் வந்தது. செல்டிக் கழகத்தை வெளியேற்றி நாட்டை வியக்கவைத்த கிளைட் அணியை மறு ஆட்டத்திலும், பின்னர் சென்ற் மிரனையும், அரையிறுதியில் டண்டீயை 3-0 எனவும் கிறெற்னா வென்றது. மூன்றாந்தரப் பிரிவிலிருந்து ஸ்கொட்டிஷ் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்த முதற்கழகம் அதுவே. 2006 மே 13 ஆம் நாள் கிளாஸ்கோ ஹாம்டன் பார்க்கில் 51,232 பேர் கூடியிருந்தனர். ஊரின் சனத்தொகையிலும் பன்மடங்கினர் கறுப்பு வெள்ளைக் கொடியுடன் வந்தனர். எதிரில் எடின்பரோவின் ஹார்ட்ஸ். அவ்வருடம் நாட்டின் இரண்டாவது கழகம். 39 ஆம் நிமிடத்தில் ஹார்ட்ஸின் ருடி ஸ்காட்செல் கோல் போட்டார். 76 ஆம் நிமிடத்தில் கிறெற்னாவுக்குத் தண்ட உதை கிடைத்தது. ரயன் மக்கபி உதைத்த பந்தைக் கோல் காப்பாளர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை மக்கபியே மீண்டும் உதைத்து வலைக்குள் அனுப்பினார். ஆட்டம் 1-1. மேலதிக நேரத்திலும் மாற்றமில்லை. தண்ட உதைகளில் டெரிக் டவுன்ஸ்லியின் உதை தடுக்கப்பட்டது. கவின் ஸ்கெல்டன் உதைத்த பந்து குறுக்குச் சட்டத்திற் பட்டது. 4-2 என ஹார்ட்ஸ் கிண்ணத்தை எடுத்துச் சென்றது. ஸ்கெல்டனின் பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

ஹார்ட்ஸ் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றிருந்தமையால், தோற்ற கிறெற்னாவுக்கு யூஈஎஃப்ஏ கிண்ணத்தில் இடம் கிடைத்தது. குலுக்கலில் வந்த எதிரணியைப் பாருங்கள்: டெரி சிற்றி. டெரி நகரம் வட அயர்லாந்தில், பிரித்தானிய ஆட்சிக்குள் இருக்கிறது. ஆனால் அக்கழகம் ஆடுவது அயர்லாந்துக் குடியரசின் லீக்கில். வட அயர்லாந்தின் கலவர காலத்தில் அவர்களது மைதானத்துக்கு வந்து ஆட மற்றக் கழகங்கள் அஞ்சின. பாதுகாப்புத் தரப்பும் இடந்தரவில்லை. சொந்த ஊரில் ஆடமுடியாமல் வெகுதூரம் சென்று ஆடி, ஈற்றில் 1972 இல் அக்கழகம் லீக்கிலிருந்து விலகியது. பதின்மூன்று ஆண்டுகள் உயர்மட்ட ஆட்டமின்றிக் கிடந்து, 1985 இல் எல்லைக்கு அப்பாலுள்ள லீக்கிற் சேர்ந்தது. பெற்றோல் காசை மிச்சம்பிடிக்க எல்லை கடந்தது கிறெற்னா. உயிர் வாழ எல்லை கடந்தது டெரி. இரண்டையும் ஒரே தராசில் இடமுடியாது. இந்த இரு எல்லைக் கழகங்களும் 2006 ஓகஸ்டில் சந்தித்தபோது டெரி 5-1 என வென்றது. மறு ஆட்டம் 2-2. அந்த முதல் ஆட்டத்தைக் கிறெற்னா சொந்த மண்ணில் ஆடவில்லை. ரேடேல் பார்க் ஐரோப்பிய விதிகளுக்குப் போதாதென்பதால், வடக்கே 75 மைல் அளவிலுள்ள மதர்வெல் நகரின் ஃபேர் பார்க்கை இரவல் வாங்கினர். வரப்போவதற்கு அது முன்னறிகுறி.

2006-07 பருவத்தில் முதலாம் பிரிவு. இடையில் அலெக்சாண்டர் சுகவீன விடுப்பில் அனுப்பப்பட்டார். டேவி அயன்ஸ் பொறுப்பேற்றார். பெரும் புள்ளி இடைவெளி கரைந்து, 2007 ஏப்ரல் 28 ஆம் நாள் கடைசி ஆட்டத்தில் யாவும் தங்கிநின்றன. வடக்கேயுள்ள டிங்வோலில் றொஸ் கவுண்டியுடன் கிறெற்னா 2-2 எனத் தடுமாறியது. வேறிடத்தில் சென்ற் ஜோன்ஸ்டன் வென்றுவிட்டது. அந்நிலையில் முடிந்தால் கிண்ணம் அவர்களுக்கே. மேலதிக நிமிடங்களில் ஜேம்ஸ் கிறேடி அடித்த கோலினால் கிறெற்னா 66 புள்ளிகள். சென்ற் ஜோன்ஸ்டன் 65. மூன்று பருவங்களில் மூன்று தரமுயர்வு. ஸ்கொட்லாந்தின் பன்னிரு பெருங்கழகங்களில் ஒன்றாக, செல்டிக்குடனும் ரேஞ்சர்ஸுடனும், மூவாயிரம் பேர் வாழும் ஊர் ஒன்று.

ஆனால் எந்த ஊர்? பிறிமியர் லீக்கின் விதி 6,000 இருக்கைகள் வேண்டுமென்றது. ரேடேல் பார்க்கில் அவ்வளவு இல்லை. அவ்வூரின் மக்கள் யாவரும் வந்து அமர்ந்தாலும் பாதி இருக்கை வெறுமையாகவே கிடக்கும். எனவே கழகம் மீண்டும் ஃபேர் பார்க்குக்குச் சென்றது, இம்முறை பருவம் முழுவதற்கும். 'சொந்த மைதான' ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் கிறெற்னாக்காரர் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்யவேண்டும். தந்தையின் கைபிடித்து நடந்து சென்று ஆட்டம் பார்த்த சிறுவன், தன் ஊர்க் கழகம் புகழின் உச்சிக்குச் சென்ற அதே ஆண்டில் அதைக் காணாதவனானான். கழகம் வளர்ந்து ஊரைவிட்டு வெளியேறியது. வீழ்ச்சி 2008 இல் நேர்ந்தது என்று பலரும் எழுதுகின்றனர். என் கணிப்பில், ரேடேல் பார்க்கின் படலைக்குப் பூட்டுப் போட்ட 2007 ஆம் ஆண்டுக் கோடையிலேயே அது நேர்ந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தில் அது ஏறுவதற்கு மேலும் சில மாதங்கள் எடுத்தன. அவ்வளவுதான்.

பருவம் 4-0 தோல்வியுடன், ஃபோல்கேர்க்கிடம், தொடங்கியது. வெற்றி அரிதாயிற்று. பார்வையாளர் அதைவிட அரிதாயினர். 2008 ஏப்ரல் 5 ஆம் நாள் இன்வர்னெஸ் கழகத்துடனான ஆட்டத்துக்கு வந்தோர் 431 பேர். ஸ்கொட்டிஷ் பிறிமியர் லீக் 1998 முதல் 2013 வரை நடந்தது. அதன் வரலாற்றில் அதனிலும் குறைந்த கூட்டம் வேறெந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை. அத்தொகையில் இன்வர்னெஸ்ஸிலிருந்து வந்தவர்களும் அடக்கம்.

இதற்கிடையில் மைல்சன் கடும் சுகவீனமுற்றார். 2008 பெப்ரவரியில் அயன்ஸ் வேறு கழகத்துக்குச் சென்றார். மிக் வட்ஸ்வேர்த் பொறுப்புக்கு வந்தார். பணம் வருவது நின்றது, சம்பளம் நின்றது. மார்ச் 12 ஆம் நாள், கடனிறுக்க இயலாத கம்பனிகளைப் பொறுப்பேற்கும் நிர்வாகியிடம் கழகம் ஒப்படைக்கப்பட்டது. விதிப்படி 10 புள்ளிகள் வெட்டப்பட்டன. மாதம் முடியுமுன் கீழிறக்கமும் உறுதியாயிற்று. ஆட்டக்காரர் பலர் வேலையிழந்தனர். எஞ்சியோரும் இளைஞருமாகச் சேர்ந்து பருவத்தை ஆடி முடிக்க லீக்கே பணம் கொடுத்தது. கிறெற்னா இடையில் நின்றுவிட்டால் மற்றைய பதினொரு கழகங்களின் புள்ளிக் கணக்கும் குழம்பிவிடும். அதனால் அந்தத் தயவு.

ஒருவரை நம்பி எழுந்த நிறுவனம் அவர் படுக்கையில் விழுந்ததும் விழுந்தது. இதிற் சதி இல்லை, துரோகமும் இல்லை. உண்மையில் அதுவே இக்கதையில் என்னை மிகவும் உறுத்துவது. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு அமைதியடையலாம். இங்கே இருந்தது ஒரு தாராள மனம்; அதைச் சுற்றிலும் 'இது எதுவரை?' என்று கேட்கத் தயங்கிய பல நல்ல மனிதர். கொடுப்பவரிடம் கணக்குக் கேட்பது மரியாதையீனம் என்ற எண்ணம் நம்மிடம் மட்டும் உள்ளதன்று போலும். கோவிலானாலும் பள்ளிக்கூடமானாலும் விளையாட்டுக் கழகமானாலும், ஒரே கையொப்பத்தாற் காசோலை எழுதப்படும் இடங்களைப் புலம்பெயர் நகரங்களில் எம்மவரும் கண்டிருக்கிறார்கள்.

2008 மே 13 ஆம் நாள் கடைசி ஆட்டம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்தான் ஹாம்டனில் இறுதியாட்டம் நடந்தது. எதிரணியும் அதே ஹார்ட்ஸ். ஃபேர் பார்க்கில் ஆயிரம் அளவிலானோர் வந்திருந்தனர். ஆட்டம் கோலின்றி முடியும் தறுவாயில், ஈற்று நிமிடத்தில், கிறெற்னாவின் வரலாற்றில் கடைசிக் கோல் விழுந்தது. 1-0. அடித்தவர் கவின் ஸ்கெல்டன். ஹாம்டனில் எவருடைய பந்து குறுக்குச் சட்டத்திற் பட்டதோ அவரேதான். கற்பனைக் கதையில் இப்படி எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சில நாட்களிற் பணியாளர் யாவரும் நிறுத்தப்பட்டனர். கடன் ஏறத்தாழ 40 இலட்சம் பவுண். வாங்குவார் எவரும் முன்வரவில்லை. லீக் கழகத்தைக் கடைசிப் பிரிவுக்குத் தள்ளியது. ஜூன் 3 ஆம் நாள் கிறெற்னா லீக்கிலிருந்து விலகியது. ஓகஸ்டில் முறைப்படி கலைக்கப்பட்டது. நவம்பரில் மைல்சன் தன் இல்லத்தில் இறந்தார். வயது 60. லீக்கில் காலியான இடம் எட்டு மைல் தொலைவிலுள்ள அனன் அத்லெற்றிக் கழகத்துக்குச் சென்றது. அதுவும் ஒருகாலத்திற் கார்லைல் லீக்கில் ஆடிய கழகமே. ஏர்ட்றிக்காரரின் நட்டத்தில் கிறெற்னா நுழைந்தது போல, கிறெற்னாவின் நட்டத்தில் அனன் நுழைந்தது.

ஆயினும் ஊரில் ஒரு சிலர் அந்தக் கோடையில் வீட்டில் இருந்துவிடவில்லை. ஆதரவாளர் அமைப்பினர் கூடி, 'கிறெற்னா 2008' என்ற பெயரிற் புதிய கழகம் ஒன்றைத் தொடங்கினர். எவருடைய சொத்தாகவுமன்றி ஆதரவாளர்களே நடத்தும் கழகம். கிழக்கு ஸ்கொட்லாந்து லீக்கில் இடம் கேட்டுப் பெற்றனர். ரேடேல் பார்க் அப்போது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முதலிரு பருவங்களையும் அனனில் ஆடினர். புதிய ஆட்டக்காரருக்குக் கிடைத்தது பழைய நட்சத்திரங்களின் சம்பளமன்று. நுழைவாயிலிற் சீட்டு வெட்டுவோரும், மைதானத்துக்குக் கோடு போடுவோரும், தேநீர் ஊற்றுவோரும் சம்பளமின்றி வேலை செய்தனர், 1946 இலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

2010 இல் அவர்கள் ரேடேல் பார்க்குக்குத் திரும்பினர். 2013 இல் லோலன்ட் லீக் தொடங்கப்பட்டபோது அதன் முதல் உறுப்புக் கழகங்களில் ஒன்றாக இடம்பெற்றனர். ஃபேர் பார்க்குக்கு இனிப் பேருந்து தேவையில்லை. சனிக்கிழமை பிற்பகலில் வீட்டிலிருந்து நடந்தே மைதானத்துக்குப் போகலாம்.